தலைக்குக் குளிக்காத நாளில் பொடி போடலாமா?

"டாக்டர், தினமும் தலைக்குக் குளிக்க நேரமே இல்லை. எண்ணெய் வழியற தலையோட ஆபீஸ் போகவும் ஒரு மாதிரியா இருக்கு. டிரை ஷாம்புன்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதைப் போட்டுக்கலாமா?"

தாம்பரம், செலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காய்ச்சல், மூட்டு வலி என்று வந்தவர்கள்கூட மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, "இன்னொண்ணு டாக்டர்..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடிந்ததும் சமையல், டிபன் டப்பா, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பை. அதற்குப் பிறகு மின்சார ரயில் அல்லது மெப்ஸ் கம்பெனி பஸ். இதற்கு நடுவில் இடுப்பு வரை நீண்ட கூந்தலை அலசி, காயவைத்துப் பின்னுவது நடக்கிற காரியமா? அலசிய ஈரத்தோடு முடிந்துகொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நாள் முழுக்க ஈரம் உள்ளேயே தங்கி, சாயங்காலம் பின்னலை அவிழ்த்தால் ஒரு வாடை வரும். தலைக்குக் குளித்ததே வீணாகிவிடுகிறது!

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொடி போடலாம். ஆனால் அது குளியல் ஆகாது. அடுத்த குளியலை ஒரு நாள் தள்ளிவைக்க உதவும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பொடி நல்ல தோழி. புரியாவிட்டால் தலைத்தோல் புண்ணாகிவிடும்.

பொடி என்ன செய்கிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. மயிர்க்கால்களை ஒட்டிச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் பசைதான் முடிக்கு மினுமினுப்பையும் வழவழப்பையும் தருகிறது. இரண்டு, மூன்று நாள் ஆனால் அந்தப் பசையோடு வியர்வை உப்பு, உதிர்ந்த தோல் செதில், ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இதைத்தான் 'பிசுக்கு' என்கிறோம்.

டிரை ஷாம்புவில் உள்ள முக்கியமான சரக்கு மாவுச்சத்து. அரிசி, சோளம், கிழங்கு ஆகியவற்றிலிருந்து எடுத்த மென்மையான மாவு அது. கோலப் பொடியைக் கொட்டித் தரையில் சிந்திய எண்ணெயைத் துடைப்பதுண்டே, அதே வேலைதான். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. தலை உலர்ந்து, முடி உப்பலாகத் தெரிகிறது.

ஆனால் வியர்வை உப்பு போகவில்லை, செதிலும் போகவில்லை. எண்ணெயை உறிஞ்சிய மாவும் நாம் சீவி எடுக்கும் வரை அங்கேயேதான் இருக்கிறது. தண்ணீர் மட்டுமே இவற்றை அடித்துக்கொண்டு போகும்.

இது புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபுக்களும் சீமாட்டிகளும் தலைக்கும் பொய்முடிக்கும் மாவுப் பொடி தூவிக்கொண்டார்கள். 1795-ல் பிரிட்டனில் இந்தத் தலைப் பொடிக்கு வரியே போட்டார்கள், ஆண்டுக்கு ஒரு கினி! 'ஷாம்பு' என்ற சொல்லோ நம் நாட்டிலிருந்து போனது. 'அமுக்கு, பிசை' என்ற பொருளில் இந்தியில் வழங்கிய 'சாம்போ'தான் ஆங்கிலத்தில் ஷாம்பு ஆயிற்று. அதாவது அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் நுரையல்ல, விரலால் தலையை அமுக்கித் தேய்ப்பது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை தலைக்குக் குளிக்க வேண்டும்?

தினமும் ஷாம்பு போட வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. தேரையர் தம் பிணியணுகா விதியில் நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்று வகுத்திருக்கிறார். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்று வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். ஆக, குளியலுக்கும் குளியலுக்கும் நடுவே இரண்டு, மூன்று நாள் இடைவெளி என்பது குற்றமல்ல, ஒழுங்கு.

ஆனால் அந்தக் காலத்தில் வேப்பமரத்துக் காற்றில் கூந்தலை விரித்துக் காயவைக்க நேரம் இருந்தது. இன்று ரயில் நெரிசலில் வியர்க்கிறது, ஹெல்மெட்டுக்குள் வேகிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை ஸ்கூட்டரில் போய் வந்தாலே தலை நனைந்துவிடுகிறது. அந்த இடைவெளி நாளைச் சமாளிக்கத்தான் பொடி.

இன்னொரு விஷயம். தினமும் தேங்காயெண்ணெய் தடவித் தலைவாரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. காலையில் எண்ணெய் தடவி, சாயங்காலம் பிசுக்கு என்று பொடி தூவினால் என்ன பிரயோசனம்? பொடி போடப்போகும் வாரத்தில் இடைநாட்களில் எண்ணெயை நுனி முடிக்கு மட்டும் இரண்டு சொட்டு தடவினால் போதும்.

எந்தப் பொடி நல்லது?

கடையில் விற்கும் பொடியை வாங்கலாம். வீட்டிலும் தயாரிக்கலாம். செலவு ரொம்பக் குறைவு.

கூகைநீறு என்று நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். ஆரோரூட் மாவு என்றாலும் தருவார்கள். கிடைக்காவிட்டால் மளிகைக் கடைச் சோளமாவு, அதாவது கார்ன்ஃப்ளோர். நான்கு டீஸ்பூன் எடுத்து, மெல்லிய மல் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் இதை 'வஸ்திரகாயம்' என்போம். துணியில் சலித்தால்தான் பொடி மாவாக இருக்கும். சல்லடையில் சலித்தது தலையில் நறநறக்கும்.

கறுப்பு முடியில் வெள்ளை தெரிகிறதே என்பவர்கள், கேக்குக்கு வாங்கும் சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடரை அரை டீஸ்பூன் கலந்துகொள்ளலாம். வெள்ளைச் சட்டை போடும் நாளில் மட்டும் இது வேண்டாம். ஈரமில்லாத சின்ன பாட்டிலில் வைத்து, மூன்று, நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு மாவு சீக்கிரம் கட்டிபிடிக்கும், பூசணமும் பிடிக்கும்.

சரி, எதையெல்லாம் போடக் கூடாது?

சீயக்காய்ப் பொடி: "இயற்கைதானே, உலர்ந்தபடி தூவினா என்ன?" என்று கேட்கிறார்கள். சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவற்றில் உள்ள நுரைக்கும் சத்து தண்ணீர் பட்டால்தான் வேலை செய்யும். உலர்ந்தபடி தூவினால் அழுக்குப் போகாது. கண் எரியும், தும்மல்தான் மிச்சம்!

கடலை மாவு, பயத்தம்மாவு, வீட்டில் அரைத்த அரிசி மாவு: இவை கொரகொரப்பானவை. வியர்வையில் ஒட்டிக்கொண்டு சீப்புக்கு வராது.

சமையல் சோடா: தலைத்தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. சோடா காரம். அரிப்பும் வறட்சியும் வரும்.

முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர்: அவசரத்துக்குப் பலர் இதைத்தான் தலையில் கொட்டுகிறார்கள். டால்க் என்பது கல்லைப் பொடித்த தூள். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024 ஜூலையில் டால்க்கைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்று கருதப்படும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. மாவுச்சத்துப் பொடி கையருகே இருக்கும்போது இது எதற்கு?

போடும் முறை

பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இங்கேதான். காலையில் கிளம்பும் அவசரத்தில் உச்சந்தலையில் கொட்டிக்கொண்டு ஓடுவார்கள். முன்நெற்றியில் நரைத்த மாதிரி வெள்ளைத் திட்டு!

பொடி போட நல்ல நேரம் இரவு. அதற்கான வரிசை இதோ:

1. முதலில் தலை காயட்டும். ரயிலை விட்டு இறங்கி வியர்வையோடு வந்த கையோடு தூவாதீர்கள். மாவில் தண்ணீர் பட்டால் வடாம் கூழ்தான்! மின்விசிறியின் கீழ் பத்து, பதினைந்து நிமிஷம் கூந்தலை விரித்துக் காயவிடுங்கள்.

2. அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள்.

3. ஓர் அங்குலத்துக்கு ஒரு வகிடாகப் பிரித்து, முடியின் வேர்ப் பக்கம் மட்டும் பொடியைத் தொட்டுவையுங்கள். பவுடர் பஃப் அல்லது பஞ்சு போதும். உச்சி, முன்நெற்றி, காதோரம், பிடரி இந்த நான்கு இடங்களில்தான் பிசுக்கு அதிகம். நீண்ட கூந்தலுக்கு ஒரு டீஸ்பூன், குட்டை முடிக்கு அரை டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம்.

4. பத்து நிமிஷம் சும்மா இருங்கள். மாவு எண்ணெயை உறிஞ்ச அவகாசம் வேண்டும். உடனே சீவிவிட்டால் பொடியும் போச்சு, பலனும் போச்சு.

5. இப்போது விரல் நுனியால் தலையை அமுக்கித் தேயுங்கள். நகம் படக் கூடாது. 'சாம்போ' என்றேனே, அது இதுதான்.

6. தலையைக் குனிந்து, நெருக்கமான பல் உள்ள சீப்பால் வேரிலிருந்து நுனி வரை சீவுங்கள். சீப்பை அடிக்கடி துணியில் துடையுங்கள். கடைசியாக உலர்ந்த பருத்தித் துண்டால் முடியை அழுத்தித் துடைத்துவிடுங்கள்.

தளரப் பின்னிக்கொண்டு படுங்கள். தலையணை உறையைக் காலையில் மாற்றிவிடுங்கள். விடிந்ததும் இன்னொரு முறை சீவினால் மீதிப் பொடியும் வந்துவிடும். தலை அலசிய மாதிரி இலேசாக இருக்கும்.

கணக்கு முக்கியம். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு பொடிக்கும் அடுத்த பொடிக்கும் நடுவே கட்டாயம் ஒரு தலைக் குளியல் இருக்க வேண்டும். பொடி மேல் பொடி போடவே கூடாது.

தனியார் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, பரீட்சைக் காலத்தில் பன்னிரண்டு நாள் தலைக்குத் தண்ணீரே ஊற்றாமல் ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். "தலை பார்க்க நல்லாத்தானே டாக்டர் இருந்துச்சு!" என்றாள். வகிடு பிரித்துப் பார்த்தால் மயிர்க்கால்தோறும் சிவந்த சின்னக் கொப்புளங்கள், பிடரியில் சீழ். வெளியே அழகு, உள்ளே அழற்சி. பொடியை நிறுத்தி, தலையைச் சுத்தமாக அலசி, மருந்து கொடுத்து ஆறவைக்க மூன்று வாரம் ஆயிற்று. மோசமான நிலையில் மயிர்க்கால் கெட்டுவிட்டால் அங்கே முடி திரும்ப முளைக்காது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்பிரே டப்பா வாங்கினால்...

டப்பாவில் வருவது மாவு மட்டுமல்ல. மாவை வெளியே தள்ள அழுத்தி அடைத்த வாயு உள்ளே இருக்கிறது. அது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன். நம் சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பதும் இவைதான்! அடுப்பு எரியும் சமையலறையிலோ, பூஜை விளக்கின் அருகிலோ, சாம்பிராணி புகையும்போதோ அடிக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காரிலும் டப்பாவை வைக்கக் கூடாது, வெடிக்கும். வீட்டில் யாருக்காவது ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த அறைக்கு ஸ்பிரேயைக் கொண்டுபோகவே வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் அங்கே பல மடங்கு.

அடிக்கும்போது டப்பாவை நன்றாகக் குலுக்கி, தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, இரண்டு விநாடி அடித்தால் போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும். மகளிர் பெட்டியில் நின்றுகொண்டு அடிப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 டிசம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும், 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனமும் சில டிரை ஷாம்பு ஸ்பிரேக்களைக் கடைகளிலிருந்து தாங்களாகவே திரும்பப் பெற்றன. காரணம், அவற்றில் பென்சீன் இருக்கலாம் என்று தெரியவந்ததுதான். பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் ரசாயனம். இருந்த அளவு உடல்நலத்தைப் பாதிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று அந்த நிறுவனங்கள் கூறின. நாம் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் துணியில் சலித்த கூகைநீற்றில் வாயுவும் இல்லை, இந்தச் சந்தேகமும் இல்லை.

யாருக்குக் கூடாது?

ஆஸ்துமா, வீசிங், தூசு அலர்ஜி உள்ளவர்கள் பொடியைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பொடி வேண்டவே வேண்டாம். தலையில் புண், கொப்புளம், சொரியாசிஸ், பேன் தொல்லை உள்ளவர்களும் போடக் கூடாது.

பொடுகு இருப்பவர்கள் கவனிக்க. பொடுகோடு சம்பந்தப்பட்ட பூஞ்சைக்குத் தீனியே தலையில் ஊறும் எண்ணெய்ப் பசைதான். பொடி போட்டால் செதில் மாவோடு மாவாக மறைந்துவிடும், நோய் உள்ளே வளரும். பொடுகுக்கு வைத்தியம் கழுவுவது, மறைப்பதல்ல.

காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டினாலோ, சீழ் வந்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம்

ஆபீஸ் போகிறவர்களைவிட இந்தப் பொடி அதிகம் உதவுவது வீட்டில் படுத்திருப்பவர்களுக்குத்தான். பக்கவாதம் வந்த மாமனார், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை... இவர்களுக்குத் தலைக்கு ஊற்ற முடியாது. பிசுக்கும் அரிப்பும் தாங்காமல் அவர்கள் படும் அவஸ்தையை வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

தலைக்கடியில் ஒரு துண்டை விரியுங்கள். பொடியை உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துக்கொண்டு, பிறகு அவர்கள் முடியின் வேரில் தடவுங்கள். மேலேயிருந்து தூவினால் மூக்கில் ஏறும். பத்து நிமிஷம் கழித்து, ஒரு பக்கமாகத் திருப்பிச் சீவி, அப்புறம் மறுபக்கம். வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் தலையைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். தலையில் தையல் இருந்தாலோ, தொண்டையில் குழாய் இருந்தாலோ மட்டும் பொடி கூடாது.

அப்படியே பின்மண்டையைப் பாருங்கள். ஒரே இடம் தலையணையில் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே தோல் சிவக்கும். அழுத்தம் எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். தலைவாரும் கைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.

போர் தண்ணீருக்கு என்ன செய்ய?

"குளிச்சாலும் பிசுக்கு போகலையே டாக்டர்" என்று கேட்பவர்கள் நம் புறநகரில் ஏராளம். காரணம் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும். சோப்பு நுரைக்காது, முடியில் ஒரு படலம் ஒட்டும். அதைப் பிசுக்கு என்று நினைத்துப் பொடி தூவினால் போகாது. போரில் குளித்தாலும், கடைசி இரண்டு சொம்பு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீராகவோ, கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்த தண்ணீராகவோ ஊற்றிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

2019 கோடையில் சென்னையின் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட பஞ்சத்தில்கூட வாரம் ஒரு முறையாவது தலையை அலசத்தான் வேண்டும். முடியை முன்னால் சரித்துப் போட்டு, சொம்பால் மெதுவாக ஊற்றினால் அரை வாளியில் வேலை முடிந்துவிடும்.

ஒரு வாரத்துக்குத் திட்டம்

ஞாயிறு காலை: எண்ணெய் முழுக்கு. சீயக்காயோ, அரப்போ தேய்த்து அலசி, நிழலில் காற்றாடக் காயவையுங்கள்.

செவ்வாய் இரவு: பொடி.

புதன் மாலை: வேலை முடிந்து வந்ததும் தலைக் குளியல். படுப்பதற்குள் முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அதனால் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வெள்ளி இரவு: தேவையென்றால் பொடி. சனிக்கிழமை கல்யாணம், விசேஷம் இருந்தால் உதவும்.

மறுபடி ஞாயிறு: எண்ணெய் முழுக்கு.

சளி, பீனிசம் உள்ளவர்கள் புதன் மாலைக் குளியலை விடுமுறை நாளின் பகல் வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணக்கு ஒன்றேதான்: ஒரு பொடி, பிறகு ஒரு குளியல்.

இந்த வாரமே ஆரம்பித்துப் பாருங்கள். சீப்பில் மாவு வருவது நிற்கும் வரை சீவுங்கள், குளிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். உங்கள் கூந்தலும் தலைத்தோலும் உங்களுக்கு நன்றி சொல்லும்!